சணல் நார்ப் பலகையில் அடிப்பக்கம் கிழியாமல் துளை போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நான் வேலை செய்யும் சிறிய இயந்திரப் பட்டறைக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் அவ்வப்போது வருவார்கள். கையில் ஒரு பழுப்பு நிறப் பலகை இருக்கும். சணல் துணியை அடுக்கடுக்காக வைத்து, எபாக்சி ரெசின் (கலந்தால் இறுகிவிடும் பிசின்) பூசி, அவர்களே அழுத்திச் செய்தது. "அங்கிள், ஆறு மில்லிமீட்டர்ல ஒன்பது ஓட்டை போட்டுக் கொடுத்தா போதும்" என்பார்கள். கேட்பதற்கு ஐந்து நிமிட வேலை போலத்தான் இருக்கும்.

முதன்முதலில் வந்த தம்பியின் பலகையை நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். காலையில் இரும்புத் தகட்டில் ஓடிய அதே பிட் (துளை போடும் அலகு), அதே பெஞ்ச் டிரில். பலகையை இரண்டு கட்டைகளின்மேல் பாலம் போல வைத்து லீவரை இழுத்தேன். மேலிருந்து பார்த்தால் வட்டம் நன்றாகவே இருந்தது. திருப்பினேன். துளையைச் சுற்றி ரெசின் வெளுத்திருந்தது. ஒரு பக்கம் கடைசி அடுக்குத் துணி, தோல் உரிந்தது போலத் தூக்கிக்கொண்டு நின்றது. துளைக்குள் அறுபடாத நார்கள் பழைய பல் பிரஷ் மாதிரி நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் மூன்று வாரம் செலவழித்துச் செய்த பலகை அது. ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான். அந்த முகம் இன்னும் மனத்தில் இருப்பதால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

சணல், கற்றாழை நார், வாழை நார், தேங்காய் நார், ஆளி நார் என எந்த இயற்கை நாரைப் போட்டுப் பலகை செய்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். நான் அதிகம் கையாண்டது சணலும் எபாக்சியும். அதனால் எடுத்துக்காட்டுகள் அதிலிருந்தே வரும்: 4 மி.மீ. தடிமன், 6 மி.மீ. துளை.

துளைக்குள் என்ன நடக்கிறது

மழுங்கிய கத்தியால் முருங்கைக்காயை நறுக்கிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். காய் துண்டாகிவிடும், ஆனால் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே நார் தொங்கும். சணலும் அப்படித்தான். கண்ணாடி நார் மொடமொடப்பானது. பிட்டின் விளிம்பு பட்டதும் நொறுங்கி உடையும். சணல் நார் ஒற்றை இழை அல்ல. செல்லுலோஸ் நிறைந்த பல நுண்நார்கள், லிக்னின் போன்ற பொருட்களால் ஒட்டப்பட்டு ஒரு கட்டாக இருக்கின்றன. விளிம்பு வரும்போது அது வளையும், விலகும், நீளவாக்கில் பிளந்து இன்னும் மெல்லிய இழைகளாகும். விளிம்பு கூர்மையாக இருந்து, நார் விலக இடமில்லாமல் இறுகப் பிடிக்கப்பட்டிருந்தால் மட்டும்தான் சுத்தமாக அறுபடும். இந்த வழிகாட்டியில் வருகிற ஏற்பாடுகள் எல்லாமே இந்த இரண்டு நிபந்தனைகளுக்காகத்தான்.

சேதம் நான்கு வகையில் வரும். பிட் உள்ளே நுழையும்போது அதன் சுருள் வடிவம் மேலடுக்கைப் பிடித்து மேலே இழுத்து உரிக்கும். வெளியேறும்போது நுனி கடைசி அடுக்குகளை வெட்டாமல் கீழே தள்ளிப் பிரிக்கும். சுவரிலும் விளிம்பிலும் அறுபடாத நார் பிசிறாக நிற்கும். நான்காவது, வெப்பம். செல்லுலோஸ் நார் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சிதையத் தொடங்கும். ஆனால் அதற்கு வெகு முன்பே, அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகிவிடலாம். இளகிய ரெசின் நாரைப் பிடித்து வைக்காது. பிடிப்பு போனால் நார் விலகும், பிசிறு கூடும்.

நான்கிலும் மோசமானது இரண்டாவதுதான். காரணம் எளிது. பிட் பாதி ஆழத்தில் இருக்கும்போது அதன் கீழே பல அடுக்குகள் தாங்கி நிற்கின்றன. கடைசி அரை மில்லிமீட்டரில் தாங்க எதுவும் இல்லை. 1990-ல் ஹோசெங், தரன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட கணக்கு இதை எண்ணில் காட்டுகிறது. அடுக்குகள் பிரியாமல் தாங்கக்கூடிய உச்சத் தள்ளுவிசை, பிட்டுக்குக் கீழே மிச்சமிருக்கும் தடிமனின் 1.5 மடிக்கு (power 1.5) ஏற்ப மாறும். அதாவது மிச்சத் தடிமன் பாதியானால் தாங்கும் விசை பாதியாவதில்லை, ஏறக்குறைய 35 சதவீதமாகவே குறைந்துவிடும். கால் பங்கானால் எட்டில் ஒரு பங்கு. கையின் அழுத்தமோ மாறாமல் அப்படியே இருக்கும். எந்த இடத்தில் கிழியும் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

முதலில் பலகையை உலர்த்துங்கள்

இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் தவிர்க்கவே கூடாது. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 சதவீதம் வரை இறங்கும். சணல் நார் சாதாரண அறைக் காற்றிலேயே தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். ரெசின் மூடியிருந்தாலும், வெட்டிய ஓரங்களில் நாரின் முனைகள் திறந்தே இருக்கின்றன. ஒவ்வொரு முனையும் ஒரு சின்ன உறிஞ்சு குழாய். ஈரம் ஏறிய நார் உப்பும், மென்மையாகும், ரெசினோடு உள்ள பிடிப்பு தளரும். அப்புறம் எவ்வளவு நல்ல பிட் போட்டாலும் பிசிறு வரும்.

ஆய்வுக்காகத் துளை போடுபவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதல் மூன்று துளைகளைக் குளிரூட்டிய ஆய்வகத்தில் வைத்திருந்த பலகையில் போட்டு, மீதியை ஒரு வாரம் வீட்டு வராந்தாவில் கிடந்த பலகையில் போட்டால், வேகத்தால் வந்த வேறுபாடு எது, ஈரத்தால் வந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். பலகையைத் துளை போடும் அளவுக்கு வெட்டிக்கொண்டு, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் எடை போடுங்கள். 100 மி.மீ. சதுரம், 4 மி.மீ. தடிமன் உள்ள சணல் எபாக்சிப் பலகை ஏறக்குறைய 48 கிராம் இருக்கும். 2 சதவீத ஈரம் என்றால் கிட்டத்தட்ட 1 கிராம். 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசே போதும். ஓவனில் 50 டிகிரியில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றால் உலர்ந்துவிட்டது. அவசரப்பட்டு 80, 90 டிகிரி வைத்துவிடாதீர்கள். அறை வெப்பத்தில் இறுகிய ரெசினாக இருந்தால் பலகையே வளைந்துவிடும். உலர்ந்ததும் ஜிப் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடி, துளை போடும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். பையின்மேல் தேதியையும் எடையையும் எழுதிவிடுங்கள்.

பிட்: தச்சரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம்

வழக்கமான சுருள் பிட்டின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நட்ட நடுவில் கூர்மையான முனை இருக்காது. குறுக்கே ஒரு சின்ன உளி விளிம்பு இருக்கும். சுழற்சியின் மையத்தில் வெட்டு வேகம் பூஜ்ஜியம் என்பதால், அந்த விளிம்பு வெட்டுவதில்லை, நசுக்கித் தள்ளுகிறது. மொத்தத் தள்ளுவிசையில் பெரும் பகுதி இந்தச் சிறிய இடத்திலிருந்துதான் வருகிறது. அடியில் அடுக்கைப் பிரிக்கும் குற்றவாளி இதுவே.

அதனால் என் முதல் தேர்வு தச்சர்கள் பயன்படுத்தும் பிராட் பாயின்ட் பிட். நடுவில் ஊசி போல ஒரு முனை, வெளி ஓரத்தில் இரண்டு கூரிய பற்கள். ஊசி முனை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓரப் பற்கள் வட்டத்தின் சுற்றளவில் நாரை முதலில் கீறி அறுக்கும். அதற்குப் பிறகுதான் நடுப்பகுதி தோண்டப்படும். நார் அறுந்த பிறகு இழுக்கப்படுவதால் உரிவதற்கு எதுவும் மிச்சமில்லை. மரம் ஒரு இயற்கை நார்ப் பொருள், தச்சர்கள் நாரோடு எப்போதோ பழகிவிட்டார்கள். கண்ணாடி நாருக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே சணலுக்கு எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் சாதாரண மர பிட்டுகளோடு இதுவும் கிடைக்கும். வாங்கும்போது ஓரப் பற்களை விரல் நகத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். நகத்தில் பிடிக்க வேண்டும். வழுக்கினால் அந்தப் பிட் வேண்டாம்.

சுருள் பிட்தான் கையில் இருக்கிறது என்றால், முதலில் 1.5 அல்லது 2 மி.மீ. பிட்டால் ஒரு வழித்துளை போட்டுக்கொள்ளுங்கள். உளி விளிம்பு நசுக்க வேண்டிய இடம் காலியாகிவிடும், தள்ளுவிசை வெகுவாக இறங்கும். இதில் ஒரு எச்சரிக்கை: வழித்துளை இருக்கும்போது சுருள் பிட் திருகாணி போலத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். லீவரை அழுத்துவதைவிடப் பிடித்து நிறுத்துவதுதான் அப்போது வேலையாக இருக்கும். பிராட் பாயின்ட்டுக்கு வழித்துளை போடாதீர்கள். ஊசி முனைக்குப் பிடிமானம் போய், பிட் அலையும்.

சணல் கண்ணாடியைப் போல எஃகைத் தேய்க்காது. ஆகவே கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த பிட் கட்டாயமில்லை, சாதாரண அதிவேக எஃகு பிட்டே போதும். ஆனால் கூர்மை விஷயத்தில் இரக்கமே கூடாது. இரும்பில் "இன்னும் ஓடும்" என்று நாம் நினைக்கிற பிட், சணலில் பிசிறு கிளப்பும். இரும்பு தொட்ட பிட்டைச் சணலுக்கு எடுக்கவே வேண்டாம். தனியாக ஒரு பெட்டி வையுங்கள். எத்தனை துளை போட்டீர்கள் என்று பெட்டியின்மேல் கோடு போட்டு எண்ணி வாருங்கள். பிசிறு முதலில் தெரிந்த துளையின் எண்ணே, அந்தப் பிட்டுக்கு நீங்கள் வைக்க வேண்டிய எல்லை.

அடிப்பலகை இல்லாமல் தொடங்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். மாணவர்கள் வேகத்தையும் ஃபீடையும் (ஒரு சுற்றுக்குப் பிட் இறங்கும் அளவு) மாற்றி மாற்றி ஒன்பது சோதனை, இருபத்தேழு சோதனை என்று அட்டவணை போட்டுக்கொண்டு வருகிறார்கள். அடியில் பலகை வைத்துப் போட்டுக் காட்டினால், அந்த அட்டவணையில் தேடிய முன்னேற்றத்தின் பெரும் பகுதி ஒரே நொடியில் கிடைத்துவிடும்.

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது நல்ல ப்ளைவுட், 10 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பரப்பும் முழுமையாகத் தொட வேண்டும். கையால் செய்த பலகையின் அடிப்பக்கம் பெரும்பாலும் சமமாக இருக்காது, துணியின் நெசவு மேடு பள்ளமாகத் தெரியும். பள்ளம் இருக்கும் இடத்தில் அடிப்பலகை இருந்தும் இல்லாதது போலத்தான். அதனால் வழவழப்பான அச்சுப் பக்கம் கீழே வரும்படி வையுங்கள். மேடாக இருந்தால் மணல் தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். இரண்டுக்கும் நடுவே காற்று போகும் இடைவெளி இருக்கிறதா என்று கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

ஒவ்வொரு துளைக்கும் அடிப்பலகையை நகர்த்திப் புது இடத்தை வையுங்கள். முன்பு போட்ட ஓட்டையின் மேலேயே மறுபடி வைத்தால், அந்த இடத்தில் தாங்கல் இல்லை. கேட்க அற்பமாக இருக்கும். நூறு துளை போட்டபின் பாருங்கள், கிழிந்தவற்றில் பல பழைய ஓட்டையின் விளிம்பில் விழுந்தவையாக இருக்கும்.

மேலே இன்னொரு மெல்லிய பலகை, 3 மி.மீ. போதும், வைத்துச் சேர்த்துப் பிடித்தால் மேலடுக்கு உரிவதும் நின்றுவிடும். அது இல்லாவிட்டால் காகித ஒட்டுநாடாவை இரண்டு பக்கமும் ஒட்டலாம். நாடா பிசிறைக் குறைக்கும், அடுக்குப் பிரிவதைத் தடுக்காது. நாடா ஒட்டிவிட்டோம் என்று அடிப்பலகையை விட்டுவிடாதீர்கள். பிறகு துளைக்கு இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். துளைக்கு எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பிட் தங்கு தடையின்றி வர 20, 25 மி.மீ. விட்டால் போதும்.

வேகமும் ஃபீடும்

எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். 6 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அதன் வெளி ஓரம் நிமிடத்துக்குச் சுமார் 56 மீட்டர் ஓடுகிறது. சணல் எபாக்சிக்கு இதிலிருந்து தொடங்குங்கள். ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. இறங்கினால், நிமிடத்துக்கு 150 மி.மீ. அதாவது நொடிக்கு 2.5 மி.மீ.

118 டிகிரி நுனி உள்ள சுருள் பிட்டின் கூம்பு மட்டும் 1.8 மி.மீ. உயரம். ஆகவே 4 மி.மீ. பலகையை முழு விட்டத்தில் கடக்க 5.8 மி.மீ. பயணம், ஏறக்குறைய 2.3 நொடி. கையால் லீவர் இழுப்பவர்கள் இந்த நேரத்தை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். உதவாத பலகைத் துண்டில் பத்து முறை பழகினால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். கைப்பேசியில் காணொளி எடுத்து நேரம் பாருங்கள், நாம் நினைத்ததைவிட வேகமாகவே இழுத்திருப்போம்.

ஃபீட் கூடினால் தள்ளுவிசை கூடும், அடுக்கு பிரியும். இதில் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் "அப்படியானால் மெதுவாக, மெதுவாக" என்று போகக் கூடாது. அதே 5.8 மி.மீ.-ஐப் பத்து நொடி எடுத்துக்கொண்டு இறக்கினால் ஒரு சுற்றுக்கு 0.012 மி.மீ.தான் ஆகிறது. அந்த அளவில் விளிம்பு வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. துளைச் சுவர் கருக்கும், எரிந்த கயிறு போல வாசனை வரும். அந்த வாசனை வந்தால் மெதுவாகப் போகிறீர்கள், அல்லது பிட் மழுங்கிவிட்டது. இரண்டில் ஒன்று.

சுற்று வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ஒரே பதில் இல்லை. வேகம் கூடும்போது தள்ளுவிசை பொதுவாகக் குறையும், சூடு கூடும். எபாக்சியில் ஓரளவுக்குத் தாங்கும். பாலிப்ரோப்பிலீன் போன்ற உருகும் பிளாஸ்டிக்கில் சணல் கலந்திருந்தால் கதை வேறு. அது 165 டிகிரிக்குள் உருகிவிடும், உருகிப் பிட்டின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால் அடுத்த துளை பாழ். அதற்கு 1000, 1500 சுற்றில் தொடங்குங்கள்.

குளிர்விக்கத் தண்ணீரோ வெட்டு எண்ணெயோ ஊற்றாதீர்கள். இவ்வளவு பாடுபட்டு உலர்த்தியதெல்லாம் வீணாகும். காற்றுக் குழாயால் ஊதினால் போதும். அதைவிட, துளைக்குப் பக்கத்தில் தூசி உறிஞ்சியின் வாயை வைத்துவிடுவது மேல். சணல் தூசியும் ரெசின் தூசியும் மூச்சுக்கு நல்லதல்ல, என்95 முகக்கவசம் போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. சுழலும் பிட்டுக்கு அருகில் கையுறை மட்டும் வேண்டவே வேண்டாம். பிசிறு சுற்றிக்கொண்டால் கையுறையையும் சேர்த்துச் சுற்றும்.

துளை போடும் அந்த மூன்று நொடி

டிரில்லின் சக்கில் (பிட்டைப் பிடிக்கும் வாய்) பிட்டை மாட்டியதும் வெறுமனே ஓடவிட்டு நுனியைப் பாருங்கள். நுனி ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். சின்ன வட்டமாகத் தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். ஆழ நிறுத்தியை அடிப்பலகைக்குள் 3 மி.மீ. போகும்படி வையுங்கள்.

பிட் மேல் பரப்பைத் தொடும் வரை மெதுவாக வாருங்கள். தொட்டதும் தயங்காமல் சீராக இறக்குங்கள். முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பழகிய வேகத்திலேயே போகட்டும். இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் என்கிற இடத்தில் கையின் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதற்காக லீவரின் ஆழ அளவுகோலில் முன்கூட்டியே ஒரு பேனாக் கோடு போட்டுவைப்பது நல்லது. அடிப்பலகையைத் தொட்டதும் ஒலி மாறும். சணலில் "சர்ர்" என்று வறண்ட ஒலி, எம்டிஎஃபில் அது அடங்கி மந்தமாகும். ஒலி மாறிய பிறகும் நிறுத்திவரை இறக்கி, பிட் சுழன்றுகொண்டிருக்கும்போதே மேலே எடுங்கள். உள்ளே நிறுத்திவிட்டு இழுத்தால், அறுபடாத நாரெல்லாம் பிட்டோடு சேர்ந்து வரும்.

கிளாம்பை உடனே கழற்றாதீர்கள். தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, துளையை விளக்கில் பார்த்த பிறகு கழற்றலாம்.

சேதத்தை அளப்பது

வீட்டு வேலைக்காகத் துளை போடுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆய்வறிக்கை எழுதுபவர்கள் நின்று படியுங்கள், நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

சாதாரண தட்டை ஸ்கேனரில் பலகையின் அடிப்பக்கத்தைக் கீழ்நோக்கி வைத்து, பின்னால் கறுப்புத் தாள் போட்டு, 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். ஒரு புள்ளி 0.021 மி.மீ. ஆகிறது. 6 மி.மீ. துளையின் குறுக்கே 283 புள்ளிகள், தாராளம். படத்தை இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் திறந்து அளவுகோலை அமைத்துக்கொண்டு அளக்கலாம்.

எல்லோரும் சொல்லும் அளவு அடுக்குப் பிரிவு விகிதம். துளை மையத்திலிருந்து சேதம் எட்டிய மிகத் தொலைவான புள்ளியைத் தொடும்படி ஒரு வட்டம் வரைந்து, அதன் விட்டத்தைத் துளை விட்டத்தால் வகுப்பது. 7.5 மி.மீ. வந்தால் விகிதம் 1.25. சரி, ஆனால் சணலில் இந்த எண் ஏமாற்றும். ஒரே ஒரு நூலிழை 1.5 மி.மீ. கிழிந்து ஓடியிருந்தால் வட்டத்தின் விட்டம் 9 மி.மீ., விகிதம் 1.5. இன்னொரு துளையில் சுற்றிலும் 0.6 மி.மீ. அகலத்துக்கு அடுக்கு பிரிந்திருக்கிறது, விட்டம் 7.2, விகிதம் 1.2 மட்டுமே. எண்ணைப் பார்த்தால் இரண்டாவது நல்லது. உண்மையில் அதன் சேதப் பரப்பு 12.4 சதுர மி.மீ., முதல் துளையின் கிழிசலோ இரண்டு மூன்று சதுர மி.மீ.தான். போல்ட் போட்டு இறுக்கினால் முதலில் விட்டுக்கொடுப்பது எது என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே விட்ட விகிதத்தோடு பரப்பையும் கட்டாயம் அளந்து இரண்டையும் எழுதுங்கள். பிசிறைத் தனியாக, துளைக்குள் நார் மறைத்திருக்கும் பரப்பாக அளக்க வேண்டும். பிசிறு வேறு, பிரிவு வேறு. ஒன்றைச் சுரண்டி எடுக்கலாம், மற்றதை ஒட்டவைக்க முடியாது.

விரிசல் தெரிய மை தடவும் பழக்கமும் உண்டு. கண்ணாடி நாருக்குச் சரி. சணல் தானே மையை உறிஞ்சி நார் வழியே ஓடவிடும், சேதமில்லாத இடமும் சேதம் போலத் தெரியும். அந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தள்ளுவிசையை அளக்க ஆய்வகத்தில் டைனமோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 50 கிலோ லோட் செல் (விசையை உணரும் கருவி) ஒன்று, அதன் மின்குறிப்பை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 பலகை ஒன்று, அதைப் படிக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, மூன்றும் சிம் லிம் டவரில் தேடினால் கிடைக்கக்கூடியவை. எச்எக்ஸ்711 நொடிக்கு 80 முறை படிக்கும்படி அமைத்தால், 2.3 நொடித் துளைக்கு நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள். வரைபடத்தில் உளி விளிம்பு உள்ளே போவது, சமநிலை, கடைசியில் விழுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எடை தெரிந்த பொருளை வைத்து முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைகளை வரிசையாகப் போடாமல் கலைத்துப் போடுங்கள். குறைந்த ஃபீடை எல்லாம் முதலில், அதிக ஃபீடை எல்லாம் கடைசியில் என்று போட்டால், பிட் மழுங்கியதும் ஃபீட் கூடியதும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு அமைப்புக்கும் மூன்று துளையாவது வேண்டும்.

துளை போட்ட பிறகு

பிசிறைக் கையால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் நார் உள்ளிருந்து உருவிக்கொண்டு வரும், சுவரில் குழி விழும். 5 மி.மீ. மரக்குச்சியில் 400 எண் மணல் தாளைச் சுற்றி, ஒரே திசையில் சுழற்றி எடுங்கள். விளிம்பில் நிற்பதைப் புதிய பிளேடால் பரப்போடு படுக்கவைத்துச் சீவலாம்.

துளை சற்றுக் குறுகியிருக்கும், நார் வளைந்து திரும்பி வருவதால். 6 மி.மீ. பிட்டில் போட்ட துளையில் எம்6 போல்ட் இறங்க மறுத்தால் தட்டி ஏற்றாதீர்கள், அந்தத் தட்டலே அடி அடுக்கைப் பிரித்துவிடும். போல்ட் போடப்போகிறீர்கள் என்று முன்பே தெரிந்தால் 6.4 மி.மீ. பிட் எடுங்கள். துளையின் மையம் ஓரத்திலிருந்து விட்டத்தைப் போல மூன்று மடங்காவது உள்ளே இருக்கட்டும். அகலமான வாஷர் போடுங்கள்.

கடைசி வேலை, துளைச் சுவரை மூடுவது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு நாரும் இப்போது துளைக்குள் வாய் திறந்திருக்கிறது. நம்மூர்க் காற்றில் அப்படியே விட்டால் துளையைச் சுற்றி ஈரம் ஏறி, வெளுத்த வளையம் மெல்ல விரியும். பலகை செய்த அதே எபாக்சியைக் கொஞ்சம் கலந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுவர் முழுக்க மெல்லிதாகத் தடவி, வழிந்ததைத் துடைத்து, ஒரு நாள் விடுங்கள். ஸ்கேன் எடுத்து அளந்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

அந்தத் தம்பி அடுத்த பருவத்தில் புதுப் பலகையோடு வந்தான். ஜிப் பையில் சிலிக்கா ஜெல், மேலே பேனாவால் 47.6 கிராம் என்று எழுதியிருந்தான். எம்டிஎஃப் துண்டும் அவனே வெட்டி எடுத்து வந்திருந்தான். "அங்கிள், இந்த முறை லீவரை நானே இழுக்கிறேன்" என்றான். ஒன்பதாவது துளை முடிந்து கிளாம்பைக் கழற்றியதும் பலகையைத் திருப்பி விளக்கில் காட்டினேன். இரண்டு துளையில் மட்டும் விளிம்பில் மெல்லிய பிசிறு. வெளுப்பு எங்கும் இல்லை.